பரீயா பள்ளத்தாக்கில் குழுவாக நடக்க ஆயத்தமாவது எப்படி

அமெரிக்காவின் யூட்டா மாநிலத் தென்கோடியில் தொடங்கி அரிசோனாவில் முடியும் பரீயா பள்ளத்தாக்கு, பாலை நிலத்தில் மூட்டை சுமந்து பல நாள் நடக்க விரும்பும் குழுக்களுக்கு நான் முதலில் சொல்லும் இடம். ஒயிட் ஹவுஸ் என்னும் தொடக்க முனையிலிருந்து கொலராடோ ஆற்றங்கரையில் உள்ள லீஸ் ஃபெர்ரி வரை 38 மைல், அதாவது ஏறத்தாழ 61 கிலோமீட்டர் தூரம். பெரும்பகுதி தூரத்துக்கு ஆறுதான் பாதை. கணுக்கால் அளவோ முழங்கால் அளவோ ஓடும் சேற்று நீரில் இறங்கியும் ஏறியும் நடக்க வேண்டும். செங்குத்தான ஏற்றம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. ஆனால் சுவர்கள் நெருங்கி நிற்கும் பகுதிக்குள் நுழைந்துவிட்டால் பக்கவாட்டில் வெளியேற வழி கிடையாது; உதவிக்கு அழைக்கக் கைப்பேசிச் சமிக்ஞையும் கிடையாது. ஆகவே இந்த நடையின் முக்கியமான முடிவுகள் அனைத்தையும் புறப்படுவதற்கு முன்பே, எல்லோரும் ஓரிடத்தில் உட்கார்ந்து, நிதானமாக எடுத்துவிட வேண்டும். பள்ளத்தாக்குக்குள் போனபின் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டவைதாம் பெரும்பாலும் சிக்கலில் கொண்டுவிடுகின்றன.

அனுமதியும் ஆள் எண்ணிக்கையும்

இந்த நிலப்பகுதி 1984 முதல் சட்டப் பாதுகாப்பில் உள்ளது. இதை நிர்வகிப்பது கூட்டரசின் நில மேலாண்மைப் பணியகம். இரவு தங்கி நடப்பதற்கு நாளொன்றுக்கு இருபது பேருக்கு மட்டுமே அனுமதி தருகிறார்கள். ஒரு குழுவில் பத்துப் பேருக்கு மேல் இருக்கக் கூடாது. வசந்த காலத்து வார இறுதிகள் வெகு விரைவில் நிரம்பிவிடுவதால், தேதியைப் பல மாதங்களுக்கு முன்பே முடிவு செய்து, முன்பதிவு திறக்கும் நாளன்றே இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வார நடுவில் தொடங்கும்படி திட்டமிட்டால் இடம் கிடைக்கும் வாய்ப்பு கூடும்.

பத்துப் பேர் வரை போகலாம் என்பதற்காகப் பத்துப் பேரைச் சேர்க்க வேண்டியதில்லை. ஆறு பேர் கொண்ட குழுவே இவ்விடத்துக்குப் பொருத்தமானது என்பது என் கருத்து. யாருக்கேனும் கால் பிசகி நடக்க முடியாமல் போனால், இருவர் உதவி தேடிப் போகலாம். மற்றவர்கள் அவருடன் இருந்து கூடாரம், உணவு, தண்ணீர் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளலாம். ஆறு பேருக்கு மேல் போனால், வெள்ள மட்டத்துக்கு மேலே எல்லோரும் ஒன்றாகப் படுக்கக்கூடிய மேட்டு நிலம் கிடைப்பதே கடினமாகிவிடுகிறது. காலையில் புறப்படும் நேரமும் தள்ளிக்கொண்டே போகிறது. நாலு பேருக்குக் குறைந்தால் பொதுச் சாமான்களின் சுமை ஒவ்வொருவர் முதுகிலும் கூடும்.

யாரைச் சேர்ப்பது என்பதில் தயவு தாட்சணியம் பார்க்கக் கூடாது. உடல் வலிமையைவிட, அலுப்பையும் ஈரத்தையும் குளிரையும் முகம் சுளிக்காமல் தாங்கும் மனப்பாங்கும், தனக்கு முடியவில்லை என்றால் நேரத்தோடு சொல்லும் நேர்மையும் முக்கியம். நண்பரின் நண்பர் என்று முன்பின் பார்த்திராத ஒருவரை நேராகப் பள்ளத்தாக்கு வாசலில் சந்திப்பது நல்லதன்று. புறப்படுவதற்கு முந்தைய இரண்டு மூன்று மாதங்களில், முழு மூட்டையுடன் ஓர் இரவு தங்கி வரும் சிறு பயணம் ஒன்றையாவது எல்லோரும் சேர்ந்து மேற்கொள்ளுங்கள். யாருடைய காலணி கடிக்கிறது, யாருடைய அடுப்பு பற்றவில்லை, யார் வேகமாக நடந்து மற்றவர்களை விட்டுவிட்டுப் போகிறார் என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும்.

முன்கூட்டியே உட்காரும் அந்தக் கூட்டத்தில் தலைமை யார் என்பதை வெளிப்படையாகப் பேசி முடிவு செய்ய வேண்டும். எல்லோரும் சமம், சேர்ந்தே முடிவெடுப்போம் என்பது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் மேகம் திரளும் நேரத்தில் ஆறு பேரும் ஆறு கருத்து சொல்லிக்கொண்டிருந்தால் காலம் கடந்துவிடும். ஒருவர் தலைவர், அவரால் முடியாதபோது அடுத்தவர் யார் என்று இரண்டு பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கூடவே ஒரு விதியையும் ஏற்றுக்கொள்ளுங்கள்: திரும்பலாம் என்று குழுவில் ஒருவர் சொன்னாலும், அவர் மிக இளையவரே ஆனாலும், அதை நின்று கேட்டு ஆராய வேண்டும், முன்னே போகலாம் என்பதற்கு மட்டும் எல்லோருடைய சம்மதமும் தேவை.

பருவமும் வானமும்

மார்ச் நடுவிலிருந்து மே இறுதி வரையும், செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் தொடக்கம் வரையும் இந்நடைக்கு ஏற்ற காலங்கள். கோடையில் பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதியில் வெயில் 40 பாகை செல்சியஸைத் தொடும். அதைவிட முக்கியமாக, ஜூலை முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை பிற்பகல் இடிமழைக் காலம். குளிர்காலத்தில் ஆற்று நீர் உறைநிலையை ஒட்டி இருக்கும். அதில் நாள் முழுக்கக் கால் நனைத்து நடக்க முடியாது.

திடீர் வெள்ளம் எப்படி வருகிறது என்பதைக் குழுவில் ஒவ்வொருவரும் புரிந்துகொண்டே ஆக வேண்டும். சுற்றுப்புறம் பெரும்பாலும் வெறும் பாறை. மழை நீரை உறிஞ்சிக்கொள்ள மண்ணும் புல்லும் போதிய அளவு இல்லை. பெய்வது அப்படியே வழிந்து ஓடைகளில் சேர்ந்து, அகன்ற நிலத்தின் நீர் முழுவதும் சில மீட்டர் அகலமுள்ள பிளவுக்குள் பாய்கிறது. பரீயா ஆற்றின் நீர்ப்பிடிப்பு வடக்கே பிரைஸ் கேன்யன் தேசியப் பூங்கா வரை பரந்திருக்கிறது. எனவே உங்கள் தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்கும்போதே, வெகு தொலைவில் பெய்த மழை உங்களை நோக்கி வந்துகொண்டிருக்கலாம். அருகிலுள்ள பேஜ் நகருக்கு வெளியே, ஆன்டிலோப் பள்ளத்தாக்கில் 1997 ஆகஸ்ட் 12 அன்று பதினொரு பேரை வெள்ளம் கொண்டுபோனது. அம்மழை அவர்கள் நின்ற இடத்திலிருந்து பல மைல் தள்ளிப் பெய்தது. 2015 செப்டம்பர் 14 அன்று, ஸயான் தேசியப் பூங்காவின் கீஹோல் பள்ளத்தாக்கில் இறங்கிய ஏழு பேர் கொண்ட குழுவில் ஒருவர்கூட உயிருடன் திரும்பவில்லை. வெள்ள வாய்ப்பு முன்னறிவிக்கப்பட்டிருந்த நாள் அது. இவற்றைச் சொல்வது பயமுறுத்துவதற்காக அன்று. குழுவாகப் போகும்போது, இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், விடுப்பும் எடுத்தாகிவிட்டது, அனுமதியும் கிடைத்துவிட்டது என்ற எண்ணம் ஒருவரையொருவர் முன்னே தள்ளும். அந்த உந்துதலுக்கு எதிராக நிற்கக்கூடியது, ஊரிலேயே எழுதி ஒப்புக்கொண்ட ஒரு நிபந்தனை மட்டுமே.

அந்த நிபந்தனை இப்படி இருக்கலாம்: அமெரிக்க தேசிய வானிலைச் சேவை இப்பகுதிக்கு வெளியிடும் வெள்ள வாய்ப்புத் தரவரிசையில், நுழையும் நாளுக்கோ மறுநாளுக்கோ வாய்ப்பு உண்டு என்ற நிலை வந்துவிட்டால் நுழைவதில்லை. அப்படி நேர்ந்தால் போவதற்கு மாற்று இடம் ஒன்றையும் முன்பே தேர்ந்து வைத்துக்கொண்டால், கைவிடும் முடிவு எளிதாகும். பிரைஸ் கேன்யனின் மேட்டு நிலப் பாதைகள் இதற்கு ஏற்றவை. கானாப் நகருக்கும் பேஜ் நகருக்கும் இடையே 89ஆம் எண் நெடுஞ்சாலையில் உள்ள பரீயா தொடர்பு நிலையத்தில் அன்றைய முன்னறிவிப்பைக் கேட்டறிந்த பிறகே வண்டியைத் தொடக்க முனைக்குத் திருப்புங்கள். ஆற்றின் ஓட்டத்தை அளக்கும் கருவிகள் கானாப் அருகேயும் லீஸ் ஃபெர்ரியிலும் உள்ளன. அவற்றின் அளவீடுகளை இணையத்தில் ஒரு வாரம் முன்பிருந்தே பார்த்துவந்தால் ஆறு ஏறுகிறதா வடிகிறதா என்பது புலப்படும்.

இந்த வழியில் ஒரு நற்பேறு உண்டு. மிகக் குறுகலான பகுதி முதல் இரண்டு நாள் நடைக்குள்ளேயே வந்துவிடுகிறது. காலையில் கேட்ட முன்னறிவிப்பு பழையதாகும் முன்பே அதைக் கடந்துவிடலாம். ஒயிட் ஹவுஸிலிருந்து கீழ்நோக்கி நடக்க வேண்டும் என்று வற்புறுத்துவதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

உள்ளே இருக்கும்போது நீர்மட்டம் ஏறுவது, நீரின் நிறம் திடீரென அடர்வது, சுள்ளிகளும் நுரையும் மிதந்து வருவது, மேலிருந்து இரைச்சல் கேட்பது ஆகியவற்றுள் எது நிகழ்ந்தாலும் அக்கணமே உயரத்துக்கு ஏற வேண்டும். மூட்டையை எடுக்க முடியாவிட்டால் விட்டுவிட வேண்டும். வெள்ளத்தை முந்திக் கீழ்நோக்கி ஓட நினைக்கக் கூடாது. நடக்கும்போதே, இப்போது வந்தால் எங்கே ஏறுவோம் என்று ஒருவருக்கொருவர் சுட்டிக்காட்டிக்கொண்டே போகும் வழக்கத்தை முதல் மணி நேரத்திலேயே தொடங்குங்கள். ஏறி உட்கார்ந்த பிறகு செய்ய வேண்டியது காத்திருப்பது மட்டுமே. நீர் வடிய ஓர் இரவும் ஆகலாம். அதற்காகத்தான் ஒரு நாளுக்கான உணவு எப்போதும் கூடுதலாக இருக்க வேண்டும் என்கிறோம்.

குடிநீர்

ஆற்றிலேயே நடந்துகொண்டு குடிநீருக்குத் தவிப்பது இப்பள்ளத்தாக்கின் விந்தை. பரீயாவின் நீர் வண்டல் கலந்த பழுப்பு நீர். வடிகட்டியில் ஊற்றினால் சில லிட்டருக்குள் அடைத்துக்கொள்ளும். மேற்பகுதியில் விளைநிலங்களும் மேய்ச்சலும் இருப்பதால் அதில் வேதிப்பொருள் கலந்திருக்கக்கூடும். அதை வடிகட்டியோ கொதிக்கவைத்தலோ நீக்காது. நம்பத்தக்கவை, பாறைச் சுவரின் அடியிலிருந்து கசிந்து வரும் சுனைகள். வழியில் ஏறத்தாழ 19ஆவது கிலோமீட்டரில் பிக் ஸ்பிரிங், 35ஆவது கிலோமீட்டரில் ஷவர் ஸ்பிரிங், 40ஆவது கிலோமீட்டரில் லாஸ்ட் ரிலையபிள் ஸ்பிரிங் ஆகியவை உள்ளன. கடைசியாகச் சொன்னது, நம்பி நிரப்பக்கூடிய கடைசிச் சுனை. அதற்குப் பிறகு இருபது கிலோமீட்டருக்கு மேல் ஆற்று நீரைத் தவிர வேறில்லை. பாதையும் ஆற்றை விட்டு மேடேறி, நிழலற்ற திறந்தவெளியில் செல்கிறது.

இதிலிருந்து குழுவின் நீர்க்கணக்கு பிறக்கிறது. ஒருவருக்கு நாளொன்றுக்குக் குடிக்கவும் சமைக்கவும் சேர்த்து நாலு லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் தொடக்க முனையில் புறப்படும்போதே அந்த இரவுக்கும் மறுநாள் பிக் ஸ்பிரிங்கை அடையும் வரைக்கும் போதிய அளவு, அதாவது ஆறு லிட்டருக்குக் குறையாமல், ஒவ்வொருவரும் சுமக்க வேண்டும். கடைசிச் சுனையிலும் அதே அளவு நிரப்பிக்கொள்ளுங்கள். எல்லாக் கலங்களையும் சேர்த்து ஓர் ஆளுக்கு எட்டு லிட்டர் கொள்ளளவு இருக்கட்டும். மடித்து வைக்கும் நெகிழ்ப் பைகள் காலியாக இருக்கும்போது எடையே இல்லாதவை. சுனை நீரையும் வடிகட்டியே குடிக்க வேண்டும். குழுவுக்கு இரண்டு வடிகட்டிகளை வெவ்வேறு முதுகுப்பைகளில் வைத்து, குளோரின் மாத்திரையையும் துணைக்குக் கொண்டுபோங்கள். இரவில் உறைபனி விழும் காலத்தில் நுண்குழல் வடிகட்டியைப் படுக்கைக்குள் வைத்துக்கொண்டு தூங்க வேண்டும். உள்ளே நீர் உறைந்தால் குழல்கள் வெடித்துவிடும், பார்வைக்குத் தெரியாது.

ஆற்று நீரையே நாட வேண்டிய நெருக்கடி வந்தால், மடிப்பு வாளியில் மொண்டு இரவு முழுக்க அசையாமல் வைத்துத் தெளியவிடுங்கள். பரீயாவின் வண்டல் மிக நுண்ணியது என்பதால் சில சமயம் காலையிலும் கலங்கியே இருக்கும். அப்போது படிகாரம் கைகொடுக்கும். அமெரிக்க மளிகைக் கடைகளில் மசாலா அடுக்கிலேயே படிகாரத் தூள் சிறு குப்பியில் கிடைக்கிறது. பத்து லிட்டர் வாளிக்குக் கால் தேக்கரண்டிக்கும் குறைவாகத் தூவிச் சிறிது நேரம் கலக்கி வைத்தால், பழுப்புத் துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு பஞ்சுபோல் அடியில் இறங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் மெதுவாகச் சாய்த்தெடுத்து வடிகட்ட வேண்டும்.

வெயிலில் வெறும் நீரையே குடித்துக்கொண்டு உப்பைச் சேர்க்காமல் விடுவதும் ஆபத்துதான்; இரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குமட்டல், குழப்பம் என்று முற்றும். உப்பும் சர்க்கரையும் கலந்த பொடியை ஒவ்வொருவரும் வைத்திருந்து, நடக்கும்போதே சிறுகச் சிறுகக் குடித்துவர வேண்டும்.

கால்களும் சுமையும்

நாள் முழுதும் நனைந்து மணல் புகுந்த காலணியில் நடப்பதால், இங்கே நடையை முடிக்கவிடாமல் செய்வது பெரும்பாலும் கொப்புளம்தான். நீர்புகாத் தோல் காலணி அணிந்து வருவது பெரும் தவறு. உள்ளே புகுந்த நீர் வெளியேறாது. வலைத்துணியாலான, நன்கு பழகிய நடைக் காலணியே சிறந்தது. அதனுடன் மெல்லிய கம்பளிக் காலுறை, குளிர்ந்த மாதங்களில் நியோபிரீன் காலுறை, மணலைத் தடுக்கும் கணுக்கால் உறை ஆகியவை போதும். ஒவ்வொரு முறை ஓய்வெடுக்கும்போதும் எல்லோரும் காலணியைக் கழற்றி மணலைத் தட்டிவிட்டு, பாதங்களைக் காயவைத்து, சிவந்த இடத்தில் உடனே ஒட்டுப்பட்டை ஒட்ட வேண்டும். யாராவது ஒருவர் கல் உறுத்துவதைச் சொல்லாமல் நடந்தால் மாலையில் குழு முழுவதும் அதற்கு விலை கொடுக்கும். முகாமுக்கென்று உலர்ந்த காலுறையும் இலேசான செருப்பும் தனியாக நீர்புகாப் பையில் இருக்கட்டும். அந்தக் காலுறையை நடைக்கு எக்காரணம் கொண்டும் எடுக்கக் கூடாது.

ஒவ்வொருவருக்கும் இரண்டு ஊன்றுகோல்கள் கட்டாயம். கலங்கிய நீரில் அடுத்த அடி எவ்வளவு ஆழம் என்பதை அவை சொல்லும். புதைமணலையும் முன்கூட்டிக் காட்டிக்கொடுக்கும். பரீயாவின் புதைமணல் பெரும்பாலும் முழங்காலோடு நின்றுவிடும். சிக்கிக்கொண்டால் பதறிக் காலை மேலே இழுக்கக் கூடாது. மூட்டையின் இடுப்புப் பட்டையை அவிழ்த்து, உடலைப் பின்னே சாய்த்து, காலை முன்னும் பின்னும் அசைத்து நீரை உள்ளே புகவிட்டு மெல்ல விடுவிக்க வேண்டும். அருகிலிருப்பவர் உறுதியான தரையில் நின்று ஊன்றுகோலை நீட்டட்டும்.

மூட்டையின் எடை, தண்ணீர் உட்பட, உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பொதுச் சாமான்களை ஒரே பட்டியலாக எழுதிப் பங்கிட்டால் இரண்டு அடுப்பு, இரண்டு வடிகட்டி, ஒரு முதலுதவிப் பெட்டி, ஒரு செயற்கைக்கோள் தகவல் கருவி, அச்சிட்ட வரைபடம், பத்து மீட்டர் கயிறு ஆகியவற்றோடு நின்றுவிடும். அந்தக் கருவி குறுகலான சுவர்களுக்கு இடையே வானம் கீற்றாகத் தெரியும் இடத்தில் பல நேரம் இணைப்புப் பெறாது. இருப்பிடம் காட்டும் செயலிகளும் அங்கே தடுமாறும். அதனால் வரைபடத்தில் வளைவுகளை எண்ணி இடம் குறித்துக்கொண்டே நடக்கும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படையுங்கள். சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு மருந்து எடுப்போர், அதைத் தலைவரிடம் முன்பே சொல்லி, மருந்தை இரண்டாகப் பிரித்து இரு வேறு பைகளில் வைக்க வேண்டும். உறங்கும் பையும் மாற்றுடையும் நீர்புகாப் பைகளுக்குள் இருக்கட்டும். ஏப்ரலிலும் அக்டோபரிலும் விடியற்காலைக் குளிர் உறைநிலைவரை இறங்கும்.

உணவு

நெருப்பு மூட்டத் தடை இருப்பதால் எரிவாயு அடுப்புதான். பாத்திரம் கழுவத் தண்ணீர் செலவாகாத உணவு இங்கே நல்ல உணவு. இந்த வகையில் நம் சமையலறை நமக்குப் பெரும் துணை. தாளித்து வறுத்த ரவை உப்புமாக் கலவைக்குக் கொதிநீர் மட்டும் போதும்; அவலுக்கு அதுவும் தேவையில்லை, பச்சைத் தண்ணீரில் ஊறினாலே போதும் என்பதால் அடுப்பு பழுதானாலும் பசி தீரும். உடனடிச் சோற்றில் பருப்புப் பொடியும் சிறு புட்டி நெய்யும் சேர்த்தால் இரவு உணவு ஆயிற்று. வேர்க்கடலை மிட்டாய், பேரீச்சை, வறுத்த முந்திரி ஆகியவை நடக்கும்போது கொறிக்க. ஊறுகாய், உப்பையும் பசியையும் ஒருங்கே தரும். மூவருக்கு ஓர் அடுப்பு என்று சமையல் குழு பிரித்துக்கொண்டால் யாரும் அடுத்தவருக்காகக் காத்திருக்க வேண்டாம். இரவில் எலிகளும் பகலில் அண்டங்காக்கைகளும் பையைக் கிழிக்கும். உணவைக் கடித்துத் துளைக்க முடியாத பையில் போட்டு வைப்பது நல்லது.

நாள்வாரியாக

மூன்று நாளில் நடந்து முடிப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஐந்து நாள் எடுத்துக்கொண்டால்தான் நின்று பார்க்கவும், மெதுவாக நடப்பவர் மனம் நோகாமல் வரவும் முடியும். குழுவின் வேகம் என்பது கடைசியாக வருபவரின் வேகம். அவரை நடுவில் விட்டு, வழி தெரிந்தவர் முன்னும் அனுபவமுள்ள இன்னொருவர் பின்னும் நடக்க வேண்டும். ஒவ்வொரு கிளைப் பள்ளத்தாக்கின் வாயிலும் எல்லோரும் வந்து சேரும்வரை நிற்க வேண்டும்.

முதல் நாள், அகன்ற மணற்படுகையாகத் தொடங்கும் வழி மெல்லச் சுருங்கி, பதினொரு கிலோமீட்டரில் பக்ஸ்கின் கல்ச் என்னும் குறுகிய கிளைப் பள்ளத்தாக்கு வந்து சேரும் சங்கமத்தை அடைகிறது. அங்கே வெள்ளம் எட்டாத உயர்ந்த மணல்மேடு இருந்தால் மட்டுமே தங்க வேண்டும். எவ்வளவு உயரம் போதும் என்பதை வெள்ளமே எழுதி வைத்திருக்கும்: சுவரில் ஒட்டியுள்ள சேற்றுக் கோடு, புதர்களில் சிக்கிய சுள்ளிகள் ஆகியவற்றுக்கு மேலேயே படுக்கை விரியுங்கள்.

இரண்டாம் நாள் காலை, வானம் தெளிவாக இருந்து தலைவரும் ஒப்புக்கொண்டால், மூட்டைகளை மேட்டில் விட்டு, தண்ணீரும் ஒரு மேற்சட்டையும் மட்டும் எடுத்துக்கொண்டு பக்ஸ்கின்னுக்குள் சிறிது தூரம் நடந்து வாருங்கள். வயர் பாஸ் என்னும் வேறொரு தொடக்க முனை வழியாக நுழைந்து பக்ஸ்கின் வழியே ஏறத்தாழ 21 கிலோமீட்டர் நடந்து சங்கமத்துக்கு வருவோரும் உண்டு. இடையில் ஒரே ஓர் இடத்தில்தான் மேலேற முடியும், இடுப்பளவோ அதற்கு மேலோ குளிர்நீர்க் குட்டைகள் கிடக்கும், முடிவுக்கு அருகே பாறைகள் அடைத்த இடத்தில் மூட்டையைக் கயிற்றில் இறக்க வேண்டும். முதன்முறை வரும் குழுவுக்கு அது வேண்டாம். வாயிலிலிருந்து ஒரு மணி நேரம் உள்ளே போய்த் திரும்புவதே அதன் இயல்பைக் காட்டிவிடும். இரு கைகளையும் நீட்டினால் இரு சுவர்களும் தொடும் இடங்களில் நின்று மேலே பாருங்கள்: தலைக்கு வெகு உயரத்தில், சுவருக்குச் சுவர் குறுக்காக ஒரு மரத்தடி செருகி நிற்கும். பட்டை உரிந்து வெளுத்து, முனைகள் பாறையில் அறைந்து இறுகிய அந்தத் தடியை அங்கே கொண்டுபோய் வைத்தது வெள்ளம். எந்த எச்சரிக்கைப் பலகையும் இவ்வளவு தெளிவாகப் பேசாது.

குறுகிய பகுதியின் அழகு நண்பகலை ஒட்டிய சில மணி நேரத்தில்தான் முழுதாக வெளிப்படும். வெயில் ஒரு சுவரின் உச்சியில் பட்டு எதிர்ச்சுவரில் தெறித்து, அங்கிருந்து மீண்டும் தெறித்துக் கீழே வரும்போது, நேர் வெயில் படாத அடிச்சுவர் ஆரஞ்சும் செம்மையுமாக உள்ளிருந்து ஒளிர்வதுபோல் தோன்றும். அந்நேரத்தில் விரைந்து நடக்காதீர்கள். சுவரில் சாய்ந்து சாய்ந்து அடுக்கிய வரிகள் தெரிகின்றனவே, அவை ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே பரந்து கிடந்த மணற்குன்றுகளைக் காற்று அடுக்கிய சரிவுகள். அக்குன்றுகளே இறுகி நவாஹோ மணற்கல் ஆயின. மேலே விழும் மழை அம்மணற்கல்லினூடே மெல்ல இறங்கி, நீர் புகாத அடுக்கைத் தொட்டதும் பக்கவாட்டில் கசிந்து சுனையாகிறது. பிக் ஸ்பிரிங்கில் உங்கள் கலம் நிறைவதும், அதன் மேலே செங்குத்துப் பாறையில் பெரணிகள் பசுமையாகத் தொங்குவதும் அப்படி வந்த நீரால்தான்.

மூன்றாம் நாள் நீண்ட நடை. ஷவர் ஸ்பிரிங்கை ஒட்டி முடிக்கலாம். வழியில் ரேதர் கிளைப் பள்ளத்தாக்கில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக ஏறினால் பெரும் மணற்கல் வளைவு ஒன்றைக் காணலாம். அங்கே தங்கக் கூடாது. நான்காம் நாளைக் கடைசிச் சுனையில் நீர் நிரப்பிக்கொண்டு குறைவாக நடந்து முடித்து, மாலைப் பொழுதைச் சும்மா இருக்க விடுங்கள். கேன்யன் ரென் என்னும் சிறு பறவையின் குரல் உயரத்தில் தொடங்கிப் படிப்படியாக இறங்கிவருவதைக் கேட்க அதுதான் நேரம். பேச்சை நிறுத்தி ஒரு மணி நேரம் ஆளுக்கொரு பக்கமாக, ஒருவர் கண்ணுக்கு ஒருவர் தெரியும் தொலைவில் உட்கார்ந்திருப்பதைக் குழுவின் வழக்கமாக வைத்துக்கொள்ளலாம். ஒலிபெருக்கியில் பாட்டுப் போடுவதை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். சுவர்கள் அதை வெகு தூரம் கொண்டுபோய் மற்றவர்களின் அமைதியைக் கெடுக்கும்.

ஐந்தாம் நாள் வெயிலுக்கு முன் புறப்பட்டு நடக்க வேண்டிய திறந்தவெளி. இங்கே அண்ணாந்து பார்த்தபடி போங்கள்: 1996 முதல் வெர்மிலியன் கிளிஃப்ஸ் என்னும் செங்குத்துப் பாறைத் தொடரில் விடுவிக்கப்பட்டுவரும் கலிபோர்னியா காண்டோர் என்னும் பெருங்கழுகுகள், ஏறத்தாழ மூன்று மீட்டர் விரிந்த சிறகுகளோடு, சுவரை ஒட்டி வட்டமிடுவதைக் காண வாய்ப்புண்டு.

விட்டுவரக் கூடாதவை, தொடக் கூடாதவை

மனிதக் கழிவைப் புதைக்க அனுமதி இல்லை. திடமாக்கும் பொடி அடங்கிய பைகளில் சேகரித்து முழுவதையும் வெளியே சுமந்துவர வேண்டும். கூச்சப்படாமல் இதை ஊரிலேயே பேசி, ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பைக்கு மேலாகவே கணக்கிட்டு, இறுக மூடும் உறுதியான புட்டி ஒன்றில் வைத்து மூட்டைக்கு வெளியே கட்டிக்கொள்ளுங்கள். சோப்பு எதையும் சுனைக்கு அருகே கொண்டுபோகக் கூடாது.

பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதிப் பாறைகளில் தொல்குடி மக்கள் கொத்திய உருவங்கள் உள்ளன. கை வைத்தால் தோலின் எண்ணெய் படிந்து கெடும். பானை ஓடு ஒன்றை எடுத்துப் பையில் போடுவது 1979ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி குற்றம். மேட்டு நிலங்களில் கறுத்துப் புடைத்த மேலோடு போன்ற மண்ணைக் கண்டால் அதன் மேல் கால் வைக்காதீர்கள். அது நுண்ணுயிர்கள் பின்னிய உயிருள்ள மண். ஒரு காலடியில் நொறுங்கியது மீண்டு வரப் பல பத்தாண்டுகள் ஆகும். குழுவாக நடக்கையில் பின்னால் வருபவர் முன்னவரின் தடத்திலேயே மிதித்து, ஆற்றுப்படுகையிலோ பாறையிலோ நடந்தால் இந்தச் சேதத்தைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

வண்டியும் நேரமும்

தொடங்கும் இடமும் முடியும் இடமும் சாலை வழியே வெகு தொலைவு. ஒரு வண்டியை முந்தைய நாளே லீஸ் ஃபெர்ரியில் நிறுத்திவிட்டு வர வேண்டும், அல்லது கூலிக்கு ஏற்றிச் செல்லும் சேவையை அமர்த்த வேண்டும். இதில் பலரும் கவனிக்கத் தவறுவது நேர வேறுபாடு. யூட்டா கோடைகால நேரத்தைக் கடைப்பிடிக்கிறது, அரிசோனா கடைப்பிடிப்பதில்லை. மார்ச் முதல் நவம்பர் தொடக்கம் வரை நீங்கள் கிளம்பிய இடத்துக்கும் வந்து சேரும் இடத்துக்கும் ஒரு மணி நேரம் வித்தியாசம். வண்டிக்காரரிடம் நேரம் சொல்லும்போது எந்த மாநிலத்து நேரம் என்று சேர்த்தே சொல்லுங்கள்.

ஊரில் இருக்கும் பொறுப்பான ஒருவரிடம் குழுவினர் பெயர்கள், வண்டி எண்கள், தங்கத் திட்டமிட்ட இடங்கள், எந்த நாள் எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் யாரை அழைக்க வேண்டும் என்பவற்றை எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்பட வேண்டும். வெள்ளம் வடியக் காத்திருக்க நேரலாம் என்பதால், அந்தக் கெடுவை நடை முடியும் நாளுக்கு அடுத்த நாள் மாலையாக வைப்பது நல்லது. வெளியே வந்து சமிக்ஞை கிடைக்கும் முதல் இடத்திலேயே, சாப்பாட்டுக் கடையைத் தேடுவதற்கு முன், அவரை அழைத்து எல்லோரும் வந்துவிட்டோம் என்று சொல்லிவிடுங்கள்.